அத்தைக்கு மீசை முளைத்தால்... இங்கிலீஷில் என்ன?

"மாமா... ‘அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா’. இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்!"

கேட்டது என் அக்கா மகன். அவனுக்கு அத்தை என்றால் எனக்கு யார்? சாட்சாத் என் மனைவி! அவள் அந்த நேரம் உள்ளே அக்காவோடு உட்கார்ந்து நண்டு சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருந்தால் அன்றைக்கு எனக்கு நண்டுக் குழம்பு கிடைத்திருக்காது. (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்!)

இடம், கட்டுமாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிற கடலோர ஊர். மீன் மார்க்கெட்டுக்குப் பேர் போனது. ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கிப் பக்கமிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் அடியேனும் ஒருவன். மீனுக்கு மீன், அக்காவுக்கு அக்கா!

மாப்பிள்ளை டிப்ளமோ முடித்தவன். போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து போனிலேயே இன்டர்வியூ. எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் அந்த ஆள் ஒரு கேள்வி கேட்டாராம்.

"இஃப் வீ போஸ்டட் யூ இன் அனதர் ஸ்டேட், வுட் யூ கோ?"

வெளி மாநிலத்தில் வேலை போட்டால் போவாயா என்கிறார். கடலிலேயே ராத்திரி தங்குகிற குடும்பத்துப் பிள்ளைக்கு வெளி மாநிலம் ஒரு பிரச்னையா? பதில் மனசுக்குள் ரெடி. வாயில் வந்தது இது:

"இஃப் யூ வில் போஸ்ட்... ஐ வுட் வென்ட் சார்!"

"வீ வில் கெட் பேக் டு யூ" என்று போனை வைத்தவர்கள்தான். இன்னும் ‘கெட் பேக்’ ஆகவில்லை!

அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ. அதனால்தான் திண்ணையில் நோட்டும் பேனாவுமாக என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஃபார்முலா எல்லாம் மனப்பாடம் மாமா. இஃப் பிளஸ் பிரசன்ட், வில். இஃப் பிளஸ் பாஸ்ட், வுட். இஃப் பிளஸ் ஹேட், வுட் ஹாவ். கடகடன்னு சொல்லுவேன். ஆனா எதை எங்கே போடறதுன்னு அந்த நேரத்துல புரிய மாட்டேங்குது."

இந்த வியாதி அவனுக்கு மட்டுமா? ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர்கள் நாம். கபில்தேவ் விளம்பரத்தில் சிரித்தாரே என்று ரேபிடெக்ஸ் வாங்கி முதல் பத்துப் பக்கத்தை மட்டும் அழுக்காக்கியவர்கள் நாம். வாய்ப்பாடு தெரியும், கடைக்குப் போனால் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது. அந்தக் கதைதான் இது!

"மாப்ளே, ஃபார்முலாவை ஓரமா வை. மொதல்ல நம்ம தமிழைப் பாரு" என்றேன்.

ஒரே ஒரு ‘ஆல்’!

‘வந்தால்’ என்ற வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்த்’ பிளஸ் ‘ஆல்’. ‘போனால்’, ‘செய்தால்’, ‘கிடைத்தால்’... எல்லாவற்றிலும் உள்ளே உட்கார்ந்திருப்பது இறந்த காலம்! "நாளைக்கு வந்தால்" என்கிறோம். வரப்போவது நாளைக்கு, வார்த்தைக்குள் இருப்பது ‘வந்த’. நாமே இப்படிக் காலத்தைக் கலந்து கட்டி அடிக்கும்போது, ‘இஃப் ஐ காட்’ என்று நடக்காத விஷயத்துக்கு இறந்த காலம் போடுகிற இங்கிலீஷ்காரனை மட்டும் குறை சொல்ல முடியுமா?

இது நமக்குப் புதுசும் இல்லை. வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர் ‘செயின்’ என்று ஒன்றைச் சொல்கிறார். ‘செய்தால்’ என்று அர்த்தம். ஆக, ‘இஃப்’ தமிழனுக்கு அப்போதே தெரியும்!

பிரச்னை எங்கே என்றால், தமிழில் நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் ஒரே ‘ஆல்’தான். "காத்து அடங்கினா கடலுக்குப் போவேன்" என்பதும், "எனக்கு றெக்கை முளைச்சா பறந்து போவேன்" என்பதும் தமிழில் ஒரே அச்சு. நடக்குமா, நடக்காதா என்பதைக் கேட்கிறவர் புரிந்துகொள்வார். இங்கிலீஷ் அப்படி விடாது. வாயைத் திறக்கும் முன்னே "நீ இதை நம்புகிறாயா, இல்லையா? சொல்லிவிட்டுப் பேசு" என்று சட்டையைப் பிடிக்கும்!

எனவே மொழிபெயர்க்கும் முன் ஃபார்முலாவைத் தேடாதீர்கள். உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள்.

நடக்குமா?
நடக்காதா, அல்லது சும்மா ஒரு பேச்சுக்கா?
முடிஞ்சே போச்சா?

அவ்வளவுதான். பதில் தெரிந்தால் இங்கிலீஷ் தானாக வரும்.

நடக்கும்: ‘வில்’

"காத்து அடங்கினா கடலுக்குப் போவோம்."

காற்று அடங்குமா? அடங்கும். அப்படியானால், "இஃப் தி விண்ட் டிராப்ஸ், வீ வில் கோ டு சீ."

இங்கேதான் நம்மவர்கள் ‘இஃப் தி விண்ட் வில் டிராப்’ என்று சறுக்குவது. இனிமேல் நடக்கப் போவதாச்சே, ‘வில்’ வேண்டாமா என்று மனசு துடிக்கும். வேண்டாம்! ‘இஃப்’ இருக்கிற வீட்டில் ‘வில்’ குடியிருக்காது. பக்கத்து வீட்டில்தான் இருக்கும். சம்பந்திகள் மாதிரி. உறவு உண்டு, ஒரே வீட்டில் தங்க மாட்டார்கள்!

என்றைக்கும் மாறாத விஷயம் என்றால் ‘வில்’லே தேவையில்லை. "ஐஸ் போடலைன்னா மீன் கெட்டுப் போகும்." இது கட்டுமாவடியில் மட்டுமல்ல, காசிமேட்டிலும் அப்படித்தான். "இஃப் யூ டோன்ட் ஐஸ் தி ஃபிஷ், இட் ஸ்பாயில்ஸ்." தீர்ந்தது.

நடக்காது: ‘வுட்’

இப்போது அத்தைக்கு வருவோம். (மெதுவாகப் படியுங்கள், உள்ளே கேட்டுவிடப் போகிறது!)

மாப்பிள்ளை எழுதியிருந்தது: "இஃப் மை ஆன்ட் க்ரோஸ் எ மஸ்டாச், ஐ வில் கால் ஹர் அங்கிள்."

"டேய், இதைப் படிக்கிற இங்கிலீஷ்காரன் என்ன நினைப்பான் தெரியுமா? அத்தைக்கு லேசா அரும்பு விட ஆரம்பிச்சிருச்சு, எந்த நிமிஷமும் மீசை வரலாம், டாக்டர்கிட்ட காட்டணும்னு நினைப்பான்!"

உள்ளேயிருந்து, "யாருக்கு டாக்டர்?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்லே, பாடம் நடக்குது!" என்று சமாளித்தேன்.

அத்தைக்கு மீசை இல்லை, வரப்போவதும் இல்லை. எனவே ஒரு படி பின்னால் போக வேண்டும். "இஃப் மை ஆன்ட் ஹேட் எ மஸ்டாச், ஐ வுட் கால் ஹர் அங்கிள்." இந்த ‘ஹேட்’ இறந்த காலத்தைக் காட்டவில்லை. ‘இது நிஜமில்லை’ என்று கண்ணடிக்கிறது. அவ்வளவுதான்!

பள்ளிக்கூடத்தில் ‘நான் முதலமைச்சரானால்’ என்று கட்டுரை எழுதினோமே... 1999-ல் ‘முதல்வன்’ படத்தில் அர்ஜுன் ஒரே ஒரு நாள் முதல்வராகிக் காட்டினாரே... நமக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. ஆகவே, "இஃப் ஐ வேர் தி சீஃப் மினிஸ்டர், ஐ வுட்..." ‘ஐ’ பக்கத்தில் ‘வேர்’ வருகிறதே, அச்சுப் பிழையா என்று பதற வேண்டாம். ஒரு ஆளுக்கு ‘வாஸ்’ என்பதுதான் வழக்கம். வழக்கத்தை மீறி ‘வேர்’ போட்டாலே, ‘இது கற்பனை ஸார்’ என்று போர்டு மாட்டியதாக அர்த்தம்.

இன்னொன்று. "லாட்டரி விழுந்தா கார் வாங்குவேன்." இதற்கு ‘வில்’லா, ‘வுட்’டா? ஆளைப் பொறுத்தது! தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். எனவே இங்கே வாய் வார்த்தைக்குச் சொல்கிறவர், "இஃப் ஐ வன் தி லாட்டரி, ஐ வுட் பை எ கார்." அதையே கேரளாவில் இருக்கிற உங்கள் மச்சினர் அரசாங்க லாட்டரிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னால், "இஃப் ஐ வின்... ஐ வில் பை!" வாக்கியம் ஒன்று. பையில் சீட்டு இருக்கிறதா என்பதுதான் இலக்கணம்!

இன்டர்வியூ பண்ணுகிறவர்கள் இந்த ‘வுட்’டை விரும்பிக் கேட்பார்கள். வேலையே இன்னும் கொடுக்கவில்லை, அதனால் ஒரு பேச்சுக்குக் கேட்கிறார்கள். அவர் எந்த நாணயத்தில் கேட்கிறாரோ அதே நாணயத்தில் பதில் கொடுங்கள். ‘வுட் யூ கோ?’ என்றால், ‘எஸ் சார், ஐ வுட்.’ நாலே வார்த்தை. அன்றைக்கு மாப்பிள்ளை இதோடு நிறுத்தியிருக்கலாம்.

முடிஞ்சே போச்சு: ‘வுட் ஹாவ்’

இந்த இடத்துக்கு வந்தபோது அக்கா காபியோடு வெளியே வந்தாள். "என்னடா படிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நடந்து முடிஞ்சதைப் பத்தி, ‘அப்படிச் செஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்கும்’னு சொல்றது அக்கா. நீ ஒண்ணு சொல்லேன், இவன் இங்கிலீஷ்ல சொல்லட்டும்."

அக்கா யோசிக்கவே இல்லை.

"அன்னிக்குப் படகை இன்னும் கொஞ்சம் மேலே ஏத்தி வச்சிருந்தா தப்பிச்சிருக்கும்."

திண்ணை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. ‘அன்னிக்கு’ என்றால் எது என்று இந்தக் கரையில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16. விடியும் முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட நாள். முப்பது நாற்பது வருஷத்துத் தென்னை மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. மச்சானின் ஃபைபர் படகும் அதில் ஒன்று. அன்றிலிருந்து அவர் அடுத்தவர் படகில்தான் கூலிக்குப் போகிறார்.

மாப்பிள்ளை நோட்டைப் பார்க்காமலே சொன்னான்.

"இஃப் வீ ஹேட் புல்ட் தி போட் ஹையர் அப், இட் வுட் ஹாவ் சர்வைவ்ட்."

ஒரு பிழை இல்லை. ஃபார்முலாவைத் தேடிக்கொண்டிருந்த பையன், சொந்த விஷயம் என்றதும் தானாகச் சொல்லிவிட்டான்! ‘செஞ்சிருந்தா’ என்பதில் இருக்கிற அந்த ‘இருந்து’தான் இங்கிலீஷில் ‘ஹேட்’. ‘தப்பிச்சிருக்கும்’ என்பதில் இருக்கிற ‘இருக்கும்’தான் ‘வுட் ஹாவ்’. தமிழிலும் இரண்டு பக்கமும் ‘இரு’. இங்கிலீஷிலும் இரண்டு பக்கமும் ‘ஹாவ்’. ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகிற இடம் இது ஒன்றுதான். இதைப் போய் ரொம்பக் கஷ்டம் என்று கடைசிப் பாடமாக வைத்திருக்கிறார்கள்!

(நண்டுக் குழம்பு வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? "இஃப் மை ஒய்ஃப் ஹேட் ஹியர்ட் அஸ், ஐ வுட் நாட் ஹாவ் காட் எனி கிராப் கறி." நல்லவேளை, கேட்கவில்லை.)

அக்கா உள்ளே போனதும் மாப்பிள்ளை மெதுவாக, "மாமா, அது தப்பிச்சிருந்தா நான் டிப்ளமோவே படிச்சிருக்க மாட்டேன். அப்பாகூட இப்ப கடல்ல இருப்பேன். இதை எப்படிச் சொல்றது?" என்றான்.

இது கலப்படம். ‘இஃப்’ பக்கம் அன்றைக்கு நடந்தது. அடுத்த பக்கம் இன்றைய நிலை. "இஃப் தி போட் ஹேட் சர்வைவ்ட், ஐ வுட் பி அட் சீ நௌ." அந்தப் பக்கம் ‘ஹேட்’ இருந்தாலும் இந்தப் பக்கம் வெறும் ‘வுட்’ போதும், ‘ஹாவ்’ வேண்டாம். ஏனென்றால் பேச்சு இப்போதைப் பற்றி. இவனுக்குக் கிடைத்த படிப்பு அப்பாவின் படகை விலையாகக் கொடுத்து வந்தது என்பதை இந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு குட்டிச் சாத்தான்கள்

ஒன்று, ‘அன்லெஸ்’. இதன் வயிற்றுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. அதனால் கூட இன்னொரு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. "சீக்கிரம் போகலைன்னா நல்ல மீன் கிடைக்காது" என்பதற்கு, "அன்லெஸ் யூ கோ எர்லி, யூ வில் நாட் கெட் குட் ஃபிஷ்." ‘அன்லெஸ் யூ டோன்ட் கோ’ என்றால் போகாதவனுக்குத்தான் நல்ல மீன் என்று அர்த்தமாகிவிடும்!

இரண்டு, ‘ஆலும்’. ‘ஆல்’ கூட ஒரே ஒரு ‘உம்’ ஒட்டிக்கொண்டால் ‘இஃப்’ போய் ‘ஈவன் இஃப்’ வந்துவிடும். "சம்பளம் வந்தாலும் கடன் தீராது." "ஈவன் இஃப் மை சாலரி கம்ஸ், மை டெட்ஸ் வில் நாட் எண்ட்." ஆபீஸ் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எப்படிப் பழகுவது?

தமிழில் ‘ஆல்’ வார்த்தையின் வாலில் வருகிறது. "காத்து... அடங்கி...னா" என்று பாதி தூரம் போன பிறகுகூட முடிவு பண்ணலாம். இங்கிலீஷில் ‘இஃப்’ தலையில் வருகிறது. பஸ் கிளம்பும் முன்பே போர்டு மாட்ட வேண்டும். நாம் பேச ஆரம்பித்த பிறகு போர்டு தேடுகிறோம், அதனால்தான் திக்குகிறோம். மூன்று கேள்வியையும் வாய் திறக்கும் முன்னே கேட்டுப் பழகினால் திக்காது.

தினமும் ஐந்து வாக்கியம் போதும். புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில், டீக்கடையில், ஆபீஸில் நிஜமாகவே காதில் விழுந்த ‘ஆல்’களைப் பிடியுங்கள். இங்கிலீஷில் எழுதுங்கள். மறுநாள் தமிழைப் பார்க்காமல், அந்த இங்கிலீஷைத் திரும்பத் தமிழாக்குங்கள். "காத்து அடங்கினா" என்பது "காத்து அடங்கியிருந்தா" என்று திரும்பி வந்தால், எங்கே கோட்டை விட்டோம் என்று பளிச்செனத் தெரியும். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது, சிலர் கேலியும் பேசினார்கள். புத்தகத்தைப் படித்தா சைக்கிள் கற்றார்கள்? ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள்!

நீங்களும் ஏறுங்கள், ஸார்

1. நாளைக்கு பஸ் லேட்டானால் ஆட்டோவில் வருவேன்.
2. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த லோனை வாங்க மாட்டேன்.
3. முன்னாடியே சொல்லியிருந்தால் ஃபைலை முடித்திருப்பேன்.
4. மானேஜர் கையெழுத்துப் போடாவிட்டால் பணம் வராது.
5. மழை பெய்தாலும் ஆபீஸ் உண்டு.

விடைகள் (பேப்பரால் மூடிக்கொண்டு எழுதுங்கள்!):

1. இஃப் தி பஸ் இஸ் லேட் டுமாரோ, ஐ வில் கம் பை ஆட்டோ.
2. இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் நாட் டேக் தட் லோன்.
3. இஃப் யூ ஹேட் டோல்ட் மீ எர்லியர், ஐ வுட் ஹாவ் ஃபினிஷ்ட் தி ஃபைல்.
4. அன்லெஸ் தி மேனேஜர் சைன்ஸ், தி மணி வில் நாட் கம்.
5. ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், தி ஆபீஸ் வில் பி ஓபன்.

ஐந்தும் சரியா? சபாஷ். மூன்று சரியா? என்னைவிடத் தேவலை!

மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பும்போது, மாப்பிள்ளை நோட்டை நீட்டினான். கடைசியாக ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதியிருந்தான்.

"இஃப் ஐ காட் எ ஜாப், ஐ வுட் பை மை ஃபாதர் எ போட்."

இலக்கணப்படி நூற்றுக்கு நூறு. ‘டிக்’ போடப் பேனாவை எடுத்தவன் நிறுத்திவிட்டேன்.

"மாப்ளே, இதுல பிழை இல்லே. ஆனா அத்தைக்கு மீசை முளைக்கிற கணக்குல உன் வேலையையும் சேர்த்துட்டியே! கிடைக்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். நோட்டை வாங்கினான். ‘காட்’டை அடித்துவிட்டு ‘கெட்’ என்று எழுதினான். ‘வுட்’டை அடித்துவிட்டு ‘வில்’ என்று எழுதினான்.

"இஃப் ஐ கெட் எ ஜாப், ஐ வில் பை மை ஃபாதர் எ போட்."

சத்தமாகவும் ஒரு தடவை படித்தான். வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து, "என்னப்பா சொல்றான்?" என்று கேட்டார்.

தமிழில் சொன்னேன்.

"மொதல்ல வேலை கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஆனால் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் கையில் ஊசி ஓடவில்லை.